மூடி வைத்த கிளாஸ்

அந்தக் கிழவர் எழுந்து வெளியே போகும்போது, பாதி குடித்த பியர் கிளாஸின் மேல் ஒரு வட்ட அட்டையை வைத்து மூடினார். நடந்தது அவ்வளவுதான். யோர்க்‌ஷயரில் ஒரு சிற்றூரின் பழைய பப், வெளியே மழை, மருமகன் என்னைக் கூட்டிப்போயிருந்தான். கிழவர் திரும்பி வரவில்லை. வெற்றுக் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு வந்த பெண் அதை மட்டும் தொடவில்லை. கூட்டம் நெருக்கியபோதும் அந்த நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை.

“அட்டை போட்டா வருவன் எண்டு அர்த்தம், மாமா.”

“வராட்டி?”

“கடை மூடுற மணியடிக்கும் மட்டும் எடுக்கமாட்டினம்.”

ஒரு பைன்ட் என்பது 568 மில்லிலீட்டர். அதில் பாதிக்கும், ஓர் அட்டைத் துண்டுக்கும் கடை முழுவதுமே கட்டுப்பட்டு இருந்தது. இதை ஏன் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்?

எங்கள் ஊர்க் கள்ளுத் தவறணையில் இது நடந்திருக்காது. பனையோலைப் பிளாவைக் கீழே வைத்தால் சரிந்துவிடும். கையில் ஏந்திக் குடித்து முடித்து எறிய வேண்டியதுதான். ஐயா அப்படித்தான் குடித்திருப்பார். அவருக்கான சோற்றுக்கோப்பையை அம்மா இன்னொரு கோப்பையால் மூடி அடுப்படியில் வைத்திருப்பார். எவ்வளவு பசித்தாலும் நாங்கள் அதில் கைவைத்ததில்லை. அம்மா அதை அன்பில் மூடினாரா, கோபத்தில் மூடினாரா என்று கேட்க அந்த வயதில் தெரியவில்லை. பிறகு கேட்க அம்மா இல்லை.

ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் தன் மனதுக்குப் பிடித்த பப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எப்போதோ வாசித்தது. அங்கே பாட்டுச் சத்தம் இல்லை, பரிமாறும் பெண்களுக்கு வருகிறவர்களின் பெயர் தெரியும் என்றெல்லாம் அடுக்கிவிட்டு, அப்படியொரு கடையே இல்லை என்று போட்டு உடைப்பார். அன்று எரிச்சலாக இருந்தது. அவர் தேடியது பியரை அல்ல, தன்னைத் தெரிந்த ஓரிடத்தை என்று இப்போது படுகிறது.

ஆனால் தெரிந்தவர் என்பதில் யார் யார் அடக்கம்? பழைய பப்களில் தொழிலாளிக்கு ஓர் அறை, கனவான்களுக்குக் கம்பளம் விரித்த இன்னோர் அறை. அங்கே அதே பியருக்குக் கூடுதல் விலை. லண்டன் ஃப்ளீட் வீதியில் பத்திரிகைக்காரர்கள் கூடிய ஒரு மதுக்கடை, பெண்களைக் கவுண்டரில் நின்று வாங்க விடவில்லை; 1982இல் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் விட்டது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளும் ஒரு காலத்தில் சில சாதியாருக்குக் கிளாஸ் கொடுக்காமல் போத்தலில்தான் ஊற்றின. நாம் யாரையும் குறைசொல்கிற நிலையில் இல்லை.

அந்த ஊருக்குப் புதியவனான நான் அட்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் என் கிளாஸ் இருந்திருக்குமா? நான் குடித்தது ஆரஞ்சுச் சாறு. அதை மூடியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

வீட்டுக்கு வெளியேயும் நமக்காக ஒரு நாற்காலியை விட்டுவைக்கிற இடம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது மதுக்கடையாகத்தான் இருக்க வேண்டுமா, ஊர் வாசிகசாலையும் கோயில் வீதியும் போதாதா என்பதில்தான் குழப்பம். அவற்றிலும் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை. உங்கள் ஊரில் அப்படி ஓரிடம் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.