யாருக்கு உட்கார இடம்?



அர்ச். இயாகப்பர் தம்முடைய நிருபத்தில் ஒரு காட்சியைக் காட்டுகிறார். விசுவாசிகளின் சபைக்கு இருவர் வருகிறார்கள். ஒருவன் பொன் மோதிரம் அணிந்த செல்வன். மற்றவன் அழுக்குத் துணி உடுத்த ஏழை. செல்வனுக்கு நல்ல இருக்கை கிடைக்கிறது. ஏழைக்கோ நிற்கவோ, கால்மாட்டில் தரையில் உட்காரவோ உத்தரவாகிறது. அங்கே யாரும் அடிக்கவில்லை, திருடவில்லை. உட்காரும் இடத்தைப் பிரித்தார்கள், அவ்வளவே. அதையே அப்போஸ்தலர் பாவம் என்கிறார்.

இது தூரதேசத்துக் கதையல்ல. நம் கொங்கு நாட்டுக் கிராமத் தேநீர்க் கடையை நினைத்துப் பாருங்கள். பண்ணாடி பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பார். அவருடைய தோட்டத்தில் வெயிலில் பாடுபட்ட அருந்ததியர், கடைக்கு வெளியே குந்தித் தனிக் குவளையில் குடிக்கவேண்டும். அதைத் தாமே கழுவியும் வைக்கவேண்டும். இந்த இரட்டைக் குவளை அடியோடு ஒழிந்தது என்று இன்றும் சொல்வதற்கில்லை.

சட்டம் இதை அனுமதிக்கிறதா? இல்லவே இல்லை. 1950-ல் அமலுக்கு வந்த நம் அரசியல் சாசனத்தின் 17-ஆம் ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதியைக் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்கிறது 15-ஆம் ஷரத்து. 1955-ஆம் ஆண்டுச் சட்டம், ஓட்டலில் எல்லோருக்குமென்று வைத்த பாத்திரத்தை ஒருவருக்கு மறுப்பதையும் குற்றமாக்கிற்று. ஒரு டம்ளருக்கும் சட்டம் உண்டு. டம்ளரைக் கொடுக்கும் கைக்குத்தான் மனம் வேண்டும்.

பிறரைக் குறைகூறுமுன் நம் திருச்சபையையும் பார்ப்போம். திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயிலுக்கு இரண்டு நடுச்சாலைகள். ஒரு சாதியார் ஒரு பக்கம், மற்றவர் மறுபக்கம். பீடம் மட்டும் ஒன்று. ஒரே அப்பத்தை உண்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல் பூசை கண்டார்கள்! 1910-ஆம் ஆண்டளவில் கௌசானல் அடிகளார் தடுப்புச் சுவரை இடித்தார். சுவர் வேண்டுமென்று வழக்காடியவர்களும் கிறிஸ்தவர்களே.

பட்டணத்தில் வாழும் நமக்கு இதில் பங்கில்லை என்று எண்ணவேண்டாம். பண்டிகைக்குத் துணி எடுக்க ஒப்பணக்கார வீதிக்குப் போகிறோம். நாம் சாவகாசமாக உட்கார்ந்து புடவைகளைப் பிரிக்கச் சொல்கிறோம். எடுத்துக் காட்டும் பெண் எத்தனை மணி நேரமாக நிற்கிறாள் என்று கேட்டோமா? கடை ஊழியருக்கு உட்கார வசதி செய்யவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல்தான் சட்டம் வந்தது. அதற்குமுன் அவள் கால்வலியை நம்மில் எத்தனை பேர் நினைத்தோம்?

நம் ஆண்டவரைப் பாருங்கள். வழிநடந்து களைத்துச் சமாரியாவில் கிணற்றடியில் உட்காருகிறார். நீர் மொள்ள வந்த பெண்ணிடம் தாகத்துக்குக் கேட்கிறார். யூதர்கள் சமாரியரோடு புழங்குவதில்லை. அவளே அதைச் சொல்லி வியக்கிறாள். அவரிடமோ மொள்ளப் பாத்திரமில்லை. அவள் குடத்துத் தண்ணீரைக் கேட்க அவர் கூசவில்லை.

ஆகையால் பிரியமானவர்களே, இவ்வாரம் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சோதனை செய்யட்டும். உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாள் காப்பி குடிப்பது எந்த டம்ளரில்? அது அலமாரியில் மற்றவற்றோடு இருக்கிறதா, கொல்லைப்புறத்து ஜன்னலில் தனியே இருக்கிறதா? அவர் எங்கே உட்கார்ந்து குடிக்கிறார்? தனி டம்ளர் இருந்தால் இன்றே எடுத்து மற்றவற்றோடு சேர்த்துவிடுங்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கள், அம்மா" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் பார்க்கும்படி சொல்லுங்கள். இதைத் தர்மம் என்று நினைக்கவேண்டாம். அவருக்குச் சேரவேண்டியதைத்தான் கொடுக்கிறீர்கள்.

நாளைக்குச் சர்வேசுரனுடைய விருந்தில் நமக்கு இடம் காட்டுகிறவர் அந்தக் கிணற்றடியில் உட்கார்ந்தவரே. அவர் முன் வெட்கப்படாமல் நிற்க நமக்கு வரம் தருவாராக. ஆமென்.