விளக்குத் தூணும் வீதி இருளும்

விளக்கு எரிகிறது, எல்லோரும் பார்க்கிறோம். எவருக்காக எரிகிறது என்று கேட்போர் எத்தனை பேர்? ஒளி என்றால் நன்மை, இருள் என்றால் தீமை என்று பாடப் புத்தகத்திலே படித்தோம். படித்ததை அப்படியே நம்பியும் விட்டோம். ஆனால் தோழர்களே, ஒளியிலும் ஓரவஞ்சனை உண்டு! கல்லைக் காட்ட எரியும் விளக்கு வேறு. காலுக்கு வழிகாட்ட எரியும் விளக்கு வேறு. இரண்டும் ஒரே மின்சாரத்தை உண்கின்றன. இரண்டும் ஒரே மக்களின் வரிப்பணத்தில் வாழ்கின்றன. எனினும், இவ்விரண்டில் எதை முதலில் ஏற்றுகிறது என்பதைக் கொண்டே ஒரு நகரத்தின் அறத்தை அளந்துவிடலாம் என்கிறோம் நாம்.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு மதுரையைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. அங்கே கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் கூடும் இடத்திலே ஒரு தூண் நிற்கிறது. துணிக்கடைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே நிற்கிறது. விளக்குத்தூண் என்பது அதன் பெயர். காவல் நிலையத்துக்கும் அதுவே பெயர். கடைத்தெருவுக்கும் அதுவே பெயர். வழி கேட்போர்க்கெல்லாம் அடையாளமாக விளங்கும் அத்தூண் எதற்காக நடப்பட்டது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

நாயக்கர் ஆட்சியிலே, 16-ஆம் நூற்றாண்டிலே, மதுரையைச் சுற்றிக் கோட்டை எழுந்தது. 72 கொத்தளங்கள்! சுற்றிலும் அகழி! பகைவரைத் தடுக்கக் கட்டிய மதில், பகை போன பின்பும் நின்றது, காற்றைத் தடுத்தது, ஊர் வளர்வதைத் தடுத்தது, தேங்கிய நீர் நோயை வளர்த்தது. 19-ஆம் நூற்றாண்டில் மதுரையின் கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன், மதிலை இடிக்கவும் அகழியைத் தூர்க்கவும் முற்பட்டார். இடித்து நிரப்ப முன்வந்தவர்களுக்கு அந்த நிலத்தையே வழங்கினார். வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் அவ்வாறு பிறந்தவையே. அந்தப் பணிக்கு நன்றியாக, 1847 வரை அங்குப் பதவியிலிருந்த அவர் பெயரால் நகர மக்கள் எழுப்பியதுதான் விளக்குத்தூண்.

வெள்ளை அதிகாரிக்கு வாழ்த்துப்பா பாடுவது நம் வேலையன்று. நாம் கவனிக்க வேண்டியது வேறு. மதில் கட்டியவனுக்கு மக்கள் விளக்கு வைக்கவில்லை; மதிலை இடித்தவனுக்கு வைத்தார்கள். வாளும் வேலும் வைக்கவில்லை, சிலையும் வைக்கவில்லை. நாற்சந்தியிலே, நடப்போருக்குப் பயன்படும் விளக்கை வைத்தார்கள். வீதிக்குப் பெயர் சூட்டியபோதும், வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியை மறக்கவில்லை. அரசர்களின் பெயரே நிலைக்கும் நாட்டிலே ஒரு மேஸ்திரியின் பெயர் வீதியிலே நிலைத்ததென்றால், அது சிறு செய்தியா?

விளக்கு இந்த நாட்டுக்குப் புதிதா, கோயில்தோறும் நந்தாவிளக்கு எரிந்ததே என்று பழம்பெருமை பேசுவோர் கேட்பர். உண்மை, எரிந்தது. சோழர் காலக் கல்வெட்டுகள் கணக்கோடு சொல்கின்றன. ஒரு விளக்கு அணையாமல் எரிய 90 ஆடு, அல்லது 96 ஆடு. அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் காத்து, நாள்தோறும் நெய்யளக்க வேண்டியது இடையனின் கடமை. ஆடு சாகாது, மூக்காது. ஆனால் இடையன் மூத்தான், இடையன் செத்தான், அவன் மகன் வந்து நெய் அளந்தான்! கருவறையிலே விளக்கு நந்தாமல் எரிந்தது. நெய் அளந்தவன் வீடு திரும்பிய தெருவிலே எந்த விளக்கு எரிந்தது? அதைச் சொல்லக் கல்வெட்டு இல்லை.

கொடுத்தவருக்குப் புண்ணியம், கொளுத்தியவருக்குப் பணி, பார்த்தவருக்குப் பரவசம் - இது பழைய விளக்கின் இலக்கணம். தெருவிளக்கின் இலக்கணமோ முற்றிலும் வேறானது. 1866-இல் மதுரை நகராட்சி ஆயிற்று. 1971-இல் மாநகராட்சி ஆயிற்று. நகராட்சி என்ற அமைப்பு கொண்டுவந்த புதுமைகளிலே ஒன்று விளக்கு வரி. 1920-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம், சொத்து வரியின் ஒரு பகுதியாகவே விளக்கு வரியை வைத்தது. வீட்டுக்காரர் வரியாகத் தருகிறார். குடியிருப்பவர் அதையே வாடகையாகத் தருகிறார். ஆகவே, தெருவிளக்கு தானமன்று, தயவுமன்று, எவருடைய புண்ணியக் கணக்கிலும் ஏறுவதன்று. அதன் கீழே நடப்பவரின் பெயரை அது கேட்பதில்லை, சாதியைக் கேட்பதில்லை, சாமி கும்பிடுவாரா என்றும் கேட்பதில்லை. முன்பின் அறியாத மனிதனுக்காக ஊரே சேர்ந்து ஏற்றிய விளக்கு அது. எண்ணிப் பார்த்தால், பொதுவுடைமை என்ற சொல்லின் முதற்பாடத்தை நமக்குக் கற்றுத்தரும் ஆசான் அந்தக் கம்பமே!

ஆனால் தெரு எல்லோருக்கும் உரியது என்ற எண்ணம் தானாக வந்துவிடவில்லை. 1924-இலே வைக்கத்தில் நடந்த போராட்டம் கருவறைக்குள் நுழைவதற்காக அன்று. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காக! பெரியார் அதற்காக இருமுறை சிறை சென்றார். 1925-இல் உடன்பாடு ஏற்பட்டபோதும் மூன்று பக்கத்துத் தெருக்களே திறந்தன. கீழைத் தெரு திறக்கவில்லை. அதே 1924-இலே, பொதுத்தெருவும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டசபையிலே நிறைவேறச் செய்ய இரட்டைமலை சீனிவாசன் போன்றோர் பாடுபட்டனர். மதுரைக் கோயிலுக்குள்ளே ஒடுக்கப்பட்டோர் சென்றது 1939 ஜூலை 8-ஆம் நாள். நடப்பதற்கே இத்தனை பாடு! அப்படிப் பெற்ற தெருவை இன்று அழகுபடுத்துகிறோம் என்னும்போது, எவருக்காக அழகுபடுத்துகிறோம் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டா, இல்லையா?

அழகுபடுத்தும் திட்டம் என்ன? 2015 ஜூன் மாதம் மத்திய அரசு சீர்மிகு நகரத் திட்டத்தைத் தொடங்கியது. நாடெங்கும் 100 நகரங்கள். 2016-இல் மதுரையும் தேர்வாயிற்று. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் கல் பாவினார்கள்; பெரியார் பேருந்து நிலையத்தைப் புதிதாய்க் கட்டினார்கள்; வண்டிகள் நிறுத்தப் பல அடுக்குக் கட்டடம் எழுப்பினார்கள். 2025 மார்ச் 31-ஆம் நாளோடு அத்திட்டம் முடிவுற்றது. திட்டம் முடிந்தது, அது எழுப்பிய கேள்வி முடியவில்லை.

நகரத்தில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அங்கே பெரும்பணத்தைக் கொட்டுவதே அத்திட்டத்தின் அமைப்பு முறை. நினைவுச் சின்னத்தைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குள்ளே வண்ண விளக்கு. வட்டத்துக்கு வெளியே வழக்கமான விளக்கு. கேட்டால், ‘உள்ளே ஒளி மிகுந்தால் வெளியே இருள் மிகுமோ?’ என்று எள்ளி நகைப்பர். மிகும்! இது கவிதையன்று, உடலியல். பேரொளிக்குப் பழகிய கண் மங்கலிடத்துக்குத் திரும்பியதும் சிறிது நேரம் எதையும் காணாது. கோபுரத்தின் மேல் பாய்ச்சும் வெள்ளத்திலிருந்து சந்துக்குள் நுழையும் முதியவருக்கு, அந்தச் சந்து முன்பிருந்ததைவிட இருண்டே தோன்றும். தெருவிளக்கின் சிறப்பு பளபளப்பில் இல்லை. சமமாகப் பரவுவதில் இருக்கிறது. ஒரு கம்பத்தின் ஒளி முடியுமிடத்தில் அடுத்த கம்பத்தின் ஒளி தொடங்க வேண்டும். மேலே சிதறாமல் கீழே விழ வேண்டும். கண்ணைக் கூசாமல் காலைக் காட்ட வேண்டும். சமத்துவம் என்று மேடையிலே நாம் பேசுவதைத்தான் பொறியியல் தன் மொழியிலே பேசுகிறது!

விளக்குத்தூணைச் சுற்றிய துணிக்கடைகளை நினைத்துப் பாருங்கள். நாளெல்லாம் நின்றே சேலை விரித்துக் காட்டும் பெண்கள் அங்கே பணியாற்றுகின்றனர். கடைப் பணியாளர் உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டிலே சட்டம் வந்ததே 2021-இல்தான். இரவிலே கடை சாத்திய பிறகு அந்தப் பெண் எந்த வழியாகப் பேருந்துக்குப் போகிறாள்? அவள் போகும் சந்திலே ஒரு விளக்கு பழுதாகி, அது பத்து நாள் கவனிப்பாரற்றுக் கிடக்குமானால், கோபுரத்தின் மேல் வண்ணம் மாறி மாறி ஒளிர்வதால் அவளுக்கு என்ன ஆறுதல்? மதுரையைத் தூங்கா நகரம் என்று புகழ்கிறோம். மதுரைக்காஞ்சி பாடிய காலத்திலேயே அங்கே அல்லங்காடி இருந்தது என்று பெருமை கொள்கிறோம். தூங்காத நகரத்திலே தூங்காதவர் யார்? மூட்டை சுமப்பவர், பூக் கட்டுபவர், இட்லி வேகவைப்பவர், தெரு கூட்டுபவர். விளக்கின் முதல் உரிமையாளர் அவர்களே.

ஒளி போலவே இடமும். பழமையைப் பாதுகாக்க வேண்டுமா? வேண்டும்; நாம் மறுக்கவில்லை. திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தின் சிற்பங்கள் நெடுங்காலம் கடைகளுக்குப் பின்னே மறைந்து கிடந்தன. உளி பிடித்தவனின் உழைப்பு ஊரார் கண்ணுக்குத் தெரியவேண்டியதே. அங்கே தையல் இயந்திரம் மிதித்தோரும், புத்தகமும் பாத்திரமும் விற்றோரும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டனர். மாற்றிடம் தந்து மாற்றினார்கள். அந்த நெறி சரியானது. ஆனால் அந்த நெறி யார் வரைக்கும் நீள்கிறது? கடைக்கு வாடகை ரசீது வைத்திருப்பவர் வரைக்கும் நீள்கிறது. கூடையோடு வந்து கூடையோடு போகும் பூக்காரிக்கு ரசீது ஏது? காகிதம் உள்ளவன் கணக்கில் வருகிறான். காகிதம் இல்லாதவன் ‘ஆக்கிரமிப்பு’ ஆகிறான்!

அவளுக்கும் சட்டம் இருக்கிறது என்பதை நம் இளைஞர் அறியவேண்டும். 2014-ஆம் ஆண்டுத் தெரு வணிகர் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை எவரையும் அகற்றலாகாது என்கிறது. நகர வணிகக் குழுவிலே 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வணிகரின் பிரதிநிதிகளே இருக்கவேண்டும், அவர்களிலே மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. இன்னும் ஒன்று கூறுகிறது: தெரு வணிகர் 50 ஆண்டுக்கு மேலாக வாணிகம் செய்துவந்த இயல்பான சந்தையை மரபுச் சந்தை என்று அறிவிக்கவேண்டும், அங்கிருந்து அவர்களை இடம்பெயர்க்கலாகாது. பார்த்தீர்களா? மரபு என்பது கல் மட்டுமன்று, கூடையும் மரபே என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது! ஆனால், கல்லைக் காக்க ஓடி வருவோர் கூடையைக் காக்க வருகிறார்களா?

வெளியூரார் வருவர், வருமானம் பெருகும், அதனால் ஏழைக்கும் நன்மைதானே என்று ஒரு வாதம் உண்டு. அதை நாம் அலட்சியப்படுத்தவில்லை. பயணியால் பூக்காரிக்குப் பிழைப்பு உண்டு. ஆட்டோ ஓட்டுபவருக்கும் உண்டு. ஆனால் அந்தப் பிழைப்புக்கு அவள் அங்கே இருக்கவேண்டுமே! அவளை அகற்றிவிட்டு, அவள் நின்ற இடத்திலே அலங்காரக் கம்பம் நட்டு, ‘உனக்காகத்தான் செய்தோம்’ என்றால், அது அறமா, அங்கதமா? அழகு வேண்டாம் என்பவர் அல்லர் நாம். அழகுக்கும் வரிசை உண்டு என்பவர். முதலில் சந்துக்கு விளக்கு, பிறகு சின்னத்துக்கு. முதலில் மாற்றிடம், பிறகு மாற்றம். முதலில் மனிதன், பிறகு மண்டபம். இந்த வரிசை தலைகீழானால், எத்தனை ஆயிரம் விளக்கு எரிந்தாலும் அது ஒளியன்று, ஒப்பனை!

வறுமையை அழகாக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. சென்னை உயர்நீதிமன்றத்திலே நீதிபதியாய் அமர்ந்த முத்துசாமி ஐயர், சிறுவயதில் தெருவிளக்கின் கீழே படித்தார் என்று கதை சொல்கிறோம். வகுப்பறையிலே அதைச் சொல்லி மாணவரை ஊக்கப்படுத்துகிறோம். சொல்லட்டும்! ஆனால் அந்தக் கதையிலே இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அவன் வீட்டிலே ஏன் விளக்கில்லை? அந்தத் தெருவிலாவது விளக்கு இருந்தது, தெருவிலும் விளக்கில்லாச் சேரிச் சிறுவன் எங்கே போய்ப் படித்தான்? முதற்கேள்வியை மாணவர் கேட்டால் நல்ல மாணவர். இரண்டாவதையும் கேட்டால் நல்ல குடிமக்கள்.

கேட்பதோடு நிற்கலாகாது. இளைஞர் மன்றங்கள் பட்டிமன்றம் நடத்துகின்றன, படிப்பகம் நடத்துகின்றன. திங்களுக்கு ஓரிரவு, தம் பகுதியின் தெருக்களை நடந்து எண்ணட்டும். எத்தனை கம்பம்? எத்தனை எரிகிறது? எந்தச் சந்திலே பெண்கள் சுற்றிப் போகிறார்கள்? எண்ணியதை எழுதட்டும், பகுதி சபைக் கூட்டத்திலே படிக்கட்டும், மாநகராட்சியிலே மனுவாகத் தரட்டும், விடை வராவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் துணையை நாடட்டும். அணைந்த விளக்கின் எண்ணைக் குறித்துக்கொடுப்பது சிறு வேலையாகத் தோன்றும். ஆனால் ஆயிரம் மேடைகளில் பகுத்தறிவொளி பரவுக என்று முழங்குவோர், தம் தெருவின் இருளைப் பற்றி ஒரு மனு எழுதாதிருப்பது பொருந்துமா?

மதில் இடிந்ததற்கு நன்றியாக எழுந்த தூண் மாசி வீதியிலே நிற்கிறது. கல் மதில் போயிற்று. வட்டத்துக்கு உள்ளே ஒளி, வெளியே இருள் என்ற புதிய மதில் அவ்விடத்தில் எழுமானால், அதை இடிக்க எந்தக் கலெக்டரும் வரவேண்டியதில்லை. வரி கொடுப்பவர் வாய் திறந்தால் போதும்.