கருப்பொருளும் கண்ணகியின் வழக்கும்

கலைகளில் ஒரே கூறு மீண்டும் மீண்டும் தோன்றுவதை மேனாட்டார் 'மோட்டிஃப்' என்பர். இயக்குதல் என்று பொருள்படும் இலத்தீன் வினையடியில் தோன்றிப் பிரெஞ்சு வழியாகப் பரவிய சொல் அது. வாக்னரின் இசை நாடகங்களை விளக்கப் புகுந்த வோல்சோகன் 1876இல் 'லைட்மோட்டிஃப்' என்பதனை வழக்கில் நிறுத்தினார்.

நம் திறனாய்வாளர் இவ்விடத்தில் 'கருப்பொருள்' என்று எழுதுகின்றனர். தொல்காப்பியர் அச்சொல்லை வேறு பொருளில் ஆண்டார். ஒரு நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியனவே அவருக்குக் கருப்பொருள். காதலும் பிரிவும் உரிப்பொருளாயின. உண்ணும் சோற்றையும் செய்யும் தொழிலையும் பாட்டின் கருவாகக் கண்ட சொல்லை, இன்றைய வழக்கு வெறும் மையக்கருத்தாக்கி நிலத்தினின்றும் பிரித்துவிட்டது. இது சிறு இழப்பன்று.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், நெல்வயலும் நீரும் சந்திக்கும் மண்டூருக்கு வருவோம். இவ்வூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பர். எனினும் இப்பிரதேசத்துப் பாட்டில் ஓயாது திரும்பி வருபவள் கண்ணகியே. வைகாசியில் கண்ணகி கோயில்களில் 'கண்ணகி வழக்குரை' பாடப்படும். 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) எழுதிய மண்டூர்ப் பண்டிதர் வி. சீ. கந்தையா, ஏட்டிலிருந்த அக்காவியத்தை 1968இல் பதிப்பித்தார்.

முடிவு தெரிந்த கதையை ஆண்டுதோறும் கேட்பானேன், இது கற்பனை வறுமையன்றோ என்பர் கற்றோர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. தன் கணவன் கள்வன் அல்லன் என்று ஒரு பெண் அரசவையில் சிலம்பை உடைத்து நிறுவுகின்றாள். நீதி காலங்கடந்து வருகின்றது. வயலுக்குடைய போடியாரும் அவ்வயலில் உழைப்பவரும் இதனைச் சேர்ந்தே கேட்கின்றனர். ஒருவருக்கு அது அம்மன் கதை. மற்றவருக்கோ, விசாரியாது தண்டிக்கும் அதிகாரத்தின் மீதான வழக்கு.

இங்கேதான் அறச்சிக்கல் எழுகின்றது. விழாவின் நிறைவில் குளிர்த்தி நிகழும். மதுரையை எரித்தவளின் சினம் தணிக, மழை பொழிக, நோய் அகலுக என்று வேண்டுவர். சினத்தை எழுப்பிப் பின் ஆற்றிவிடும் கலை, நீதி கேட்கும் உள்ளத்தை உறங்கவைக்கின்றதா? நம் தோழர் பலர் ஆம் என்று விரைந்து விடை கூறுவர். அவ்விடை அரைகுறையானது. மழை பொய்த்தால் உழைப்பவன் வீட்டில் உலை கொதியாது. அவன் குளிர்ச்சியை வேண்டுவது கோழைத்தனம் ஆகாது. அன்றியும், தணிந்த சினம் அடுத்த வைகாசியில் முதலிலிருந்து எழுப்பப்படுகின்றது. வழக்குத் தீர்ந்ததென்று அம்மக்கள் கருதியிருப்பின் அதனை மறுபடியும் பாடுவானேன்? இக்காவியத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், கதைச்சுருக்கம் எழுதச் சொல்வதற்கு முன் இவ்வினாவை மாணவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.