பிந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள்

ராஜாஜியைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு இரண்டு ஆண்டுகள் சேர்ந்தே நினைவுக்கு வரும். ஒன்று 1938. சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த அவர், 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். எதிர்த்துக் கிளம்பியவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள், பெரியாரும் போனார். இன்னொன்று 1958. கல்கத்தாவில் கூடிய மொழி மாநாட்டில் அதே ராஜாஜி, இந்தியை ஆட்சிமொழியாகத் திணிக்காதீர்கள், ஆங்கிலம் தொடரட்டும் என்று வாதாடினார். 1967 தேர்தலில் அவருடைய சுதந்திராக் கட்சி, இந்தி எதிர்ப்பில் வளர்ந்த தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்தது.

அன்றைக்கு ஒரு பேச்சு, இன்றைக்கு ஒரு பேச்சு என்று அவரைக் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடு இல்லை. 1938 இல் இந்தி, விடுதலை இயக்கம் நாட்டை ஒன்றுசேர்க்கக் கையில் எடுத்த கருவிகளில் ஒன்று. 1950 இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பிறகு அது வேறு பொருளாகிவிட்டது. மத்திய அரசின் கோப்பு எந்த மொழியில் நகரும், வேலைக்கான தேர்வில் யார் வீட்டுப் பிள்ளை முந்தும் என்பதைத் தீர்மானிக்கப் போகிற அதிகாரம் அது. 1965 என்று கெடுவும் வைத்திருந்தார்கள். நிலைமை இவ்வளவு மாறிய பின்னும் பழைய சொல்லையே காப்பாற்றிக்கொண்டிருந்தால் அவருடைய வாழ்க்கை வரலாறு ஒழுங்காக இருந்திருக்கும். தேர்வு எழுதப்போகிற நம் பிள்ளைகளுக்கோ டெல்லி காதுகொடுத்துக் கேட்கக்கூடிய ஒரு குரல் குறைந்திருக்கும். எனக்கு அந்தக் குரல்தான் முக்கியம்.

ஆனால் மாறிவிட்டால் கணக்கு தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். சென்னை எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகை இருக்கிறது. நடராசனும் தாளமுத்துவும் அந்த இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு 1939 இல் உயிரிழந்த இளைஞர்கள். 1958 இன் ராஜாஜி எவ்வளவு சரியாகப் பேசினாலும் அந்த இரண்டு பேரும் திரும்ப வரப்போவதில்லை. கருத்தை மாற்றிக்கொள்கிறவன் பழைய கருத்தின் விளைவுகளையும் கூடவே சுமக்கத்தான் வேண்டும். அந்தச் சுமைக்குப் பயந்துதான் பலர் மாறாமலே இருந்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மாறினால், முன்பு செய்தது தவறு என்று ஆகிவிடுமே!

காந்தி இதற்கு ஒரு வழி சொன்னார். தம் எழுத்துகள் இரண்டுக்குள் முரண்பாடு தெரிந்தால், ஒரே விஷயத்தைப் பற்றியதாக இருக்கும்பட்சத்தில், பிந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று 1933 இல் ‘ஹரிஜன்’ இதழில் வாசகர்களுக்குச் சொன்னார். 1921 இல், சாதி விட்டுச் சாதி மணம் செய்வதையும் சேர்ந்து உண்பதையும் இந்து தர்மம் ஊக்குவிப்பதில்லை என்று எழுதியவர் அவர். 1946 வாக்கில், மணமக்களில் ஒருவர் ஹரிஜனாக இருந்தாலொழிய சேவாகிராம ஆசிரமத்தில் திருமணம் நடத்த இடமில்லை என்னும் அளவுக்கு வந்துவிட்டார். கலப்பு மணமே சாதிக்கு உண்மையான மருந்து என்று அம்பேத்கர் 1936 லேயே எழுதிவிட்டார். காந்தி அங்கே வந்து சேர்ந்தது தாமதம், வருத்தப்பட வேண்டிய தாமதம். இருந்தும், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவர், உலகமே தம் பழைய எழுத்தைக் கையில் வைத்திருக்கிறது என்று தெரிந்தே அவ்வளவு தூரம் நடந்து வந்ததை நான் மதிக்கிறேன்.

எங்கள் உறவில் ஒரு பெரியவர் இருந்தார். தங்கை மகள் வேறு சாதியில் கட்டிக்கொண்டபோது, “அவ வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று ஊர் கேட்கச் சொன்னார். சில வருடங்களில் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. அவள் பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று போகிறவர் வருகிறவரிடம் விசாரிப்பார். “நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்களேன் மாமா” என்றால், “சொன்னது சொன்னதுதாம்ப்பா” என்பார். கடைசிவரை போகவில்லை. அவரைச் சொல் மாறாத மனுஷர் என்று ஊர் இன்றும் புகழ்கிறது. அந்தப் புகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது. ஒருவருக்கு வாக்குக் கொடுத்தால் அது அவருக்குரியது; நம் விருப்பத்துக்கு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது, காப்பாற்றியே ஆக வேண்டும். அவர் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்? கோபத்தில் விழுந்த ஒரு கருத்து அது. அதை வாக்கு என்று எண்ணிக்கொண்டு, தனக்கே பிடிக்காமல் போன பின்னும் வாழ்ந்து தீர்த்தார்.

அப்படியானால் கட்சி விட்டுக் கட்சி தாவுகிறவர்களும் மனசாட்சியைத்தானே காரணம் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் 1985 இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. பதவிக்காகத் தாவுகிறவர்களைத் தடுக்க அது தேவைதான். ஆனால் ஒரு மசோதா தவறு என்று உளமார நம்புகிற உறுப்பினரும் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியை இழக்க நேரிடும். தாவலையும் மனமாற்றத்தையும் அந்தச் சட்டத்தால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நமக்கு முடியும். மாறியவருக்கு அந்த மாற்றத்தால் என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். 1942 இல், முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்றுப் பேசித் தீர்க்கலாம் என்று சொன்ன ராஜாஜிக்குக் கிடைத்தது பழி. காங்கிரஸை விட்டே விலக வேண்டியிருந்தது.

மதுவிலக்கில் மட்டும் அவர் கடைசிவரை இம்மியும் நகரவில்லை. 1937 இல் சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கி, போன வருமானத்தை ஈடுகட்டப் பிறகு விற்பனை வரி போட்டவர் அவர். 1971 இல் அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தபோது, தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில் முதலமைச்சர் கருணாநிதியின் வீடு தேடிப் போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதையும் பிடிவாதம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடியால் ஏழை வீடு படும் பாடு 1937 இல் இருந்தபடியேதான் 1971 இலும் இருந்தது. மாறுவதற்கு அங்கே அவருக்குக் காரணமே இல்லை.