கயாதுவின் ஆசிரமவாசம்

கீழ்த் திருப்பதியில், ராமாநுஜர் பிரதிஷ்டை செய்வித்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படும் கோவிந்தராஜப் பெருமாளைச் சென்ற மார்கழியில் ஒரு மாலை சேவித்துவிட்டு, மண்டபத்துத் தூணோரமாக நான் அமர்ந்திருந்தபோது, பக்கத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்த இரு பெண்களின் பேச்சு செவியில் விழுந்தது. இளையவள் நிறைகர்ப்பிணி, வளைகாப்புக்கு அடுக்கிய கண்ணாடி வளையல்கள் இன்னும் கழற்றப்படாமல் முழங்கைவரை ஏறியிருந்தன. "அத்தை, ராத்திரியில நான் அழறது உள்ளே இருக்கிற குழந்தைக்குத் தெரியுமா?" என்றாள். மாமியார் சற்று நேரம் பேசாதிருந்து, "அது கொண்டுவந்த வினை எதுவோ, அதும்படிதானே அம்மா அது வளரும், நீ மனசைப் போட்டு உழப்பிக்காதே" என்றாள்.

பரிவோடு சொன்ன விடைதான். ஆயினும், வினை ஒன்றே குழந்தையின் சுபாவத்தை முடித்துவைக்கிறது, தாய்பட்ட துயரத்துக்கு அதில் இடமேயில்லை என்பதுதானா நம் பெரியோர் கொண்ட கருத்து? சற்றுமுன் அர்ச்சகர் அவ்விருவர் தலையிலும் சடாரி சாதித்திருந்தார். சடாரி என்பதும் சடகோபன் என்பதும் நம்மாழ்வாரின் திருநாமங்கள். பிறக்கும் சிசுவைத் தீண்டி அதன் ஞானத்தை மறைக்கும் சடம் என்னும் வாயுவை அவர் சினந்து விரட்டியதால் அப்பெயர் வந்தது என்பர். ஜடமான ஒரு வாயு, சேதனனாகிய ஜீவனின் அறிவுக்குத் திரையிட வல்லது என்று ஒப்புக்கொண்ட மரபு நம்முடையது. விசிஷ்டாத்வைதமும் ஆத்ம ஸ்வரூபத்துக்கு விகாரம் இல்லையென்று நிறுவியபின், விளக்குக்குப் பிரபை போல ஆத்மாவைப் பற்றி நிற்கும் தர்மபூத ஞானம் சுருங்கவும் விரியவும் கூடியதென்று சொல்கிறது. அச்சுருக்கத்துக்கு வினையே ஹேது என்பது உண்மை. ஆனால் வினை தானே வந்து கைநீட்டிச் செய்வதில்லை, சரீரமும் இடமும் சுற்றத்தாரும் அதற்குக் கரணங்களாகின்றன.

அக்கரணங்களில் ஒன்றைத்தான் இன்றைய உடலியலார் ஹார்மோன் என்கிறார்கள். அச்சமும் நெடுங்கவலையும் தாயைப் பற்றும்போது, அவள் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்த அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் ரஸத்தை மிகுதியாக விடுகின்றன. கர்ப்பம் முதிர முதிரக் கார்டிசால் இயல்பாகவே ஏறும். சிசுவின் நுரையீரல் பக்குவப்படுவதற்கு அது வேண்டியதும்கூட. ஆகையால் அதனை விஷமென்று தள்ளுவதற்கில்லை. ஆனால் அளவுக்கும் காலத்துக்கும் மிஞ்சிய ரஸம் உள்ளே புகாதபடி தடுக்கும் காவல் ஒன்று உண்டு. பிரசவம் பார்த்த நம் மருத்துவச்சிகள் நஞ்சு என்று சொல்லிப் புதைத்துவிடும் அந்தச் சதைத்தட்டே அக்காவல் என்பதை அறிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அதிலுள்ள ஒரு நொதி, தாயின் கார்டிசாலில் பெரும்பகுதியை வலுவற்ற கார்டிசோனாக மாற்றிய பின்னரே குழந்தையின் பக்கம் செல்லவிடுகிறது. நஞ்சு என்று நாம் பெயரிட்டது நஞ்சை முறிக்கும் பொருளாக இருக்கிறது! தாயின் கவலை நீடித்தால் இக்காவல் தளர்வதுண்டென்று ஆய்வுகள் காட்டுகின்றன.

கலிபோர்னியா சர்வகலாசாலையின் இர்வைன் கிளையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், 65 தாய்மாரின் உமிழ்நீரில் கார்டிசாலைக் கர்ப்பகாலம் நெடுகிலும் அளந்து, அவர்கள் பெற்ற குழந்தைகளின் மூளையை ஏறக்குறைய ஏழு வயதில் படமெடுத்துப் பார்த்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். அச்சம் முதலிய உணர்ச்சிகளை ஆளும் அமிக்டலா என்னும் பாதாம்பருப்பு வடிவான பகுதி, கர்ப்பத்தின் முற்பகுதியில் தாய்க்குக் கார்டிசால் மிகுந்திருந்த பெண்குழந்தைகளுக்கு வலப்பக்கத்தில் பெருத்திருந்தது; அவர்களிடம் மனச்சஞ்சலமும் கூடுதலாகக் காணப்பட்டது. ஆண்குழந்தைகளிடம் இத்தொடர்பு தென்படவில்லை. இவை பலரைச் சேர்த்துப் பார்த்த பொதுப்போக்குகளே. தனியொரு குழந்தைக்கு இதனைக்கொண்டு ஜாதகம் கணிக்க முடியாது. பிறந்தபின் மடியும் தாலாட்டும் பொறுமையும் எவ்வளவோ சீர்செய்கின்றன.

என் கவலை வேறோரிடத்தில். குழந்தை மிரண்டால், முன்பு "உன் வினை" என்று தாயைச் சுட்டிய விரல், இனி "உன் ஹார்மோன்" என்று அவளையே சுட்டக்கூடும். அழக்கூடாது, அஞ்சக்கூடாது என்று கர்ப்பிணிக்கு ஆணையிடுவது, அழுகைக்கு மேல் ஓர் அச்சத்தையும் ஏற்றுவதாகும். அதைவிடக் கொடுமை வேறில்லை.

இங்கேதான் பாகவதத்து ஏழாம் ஸ்கந்தம் எனக்குத் துணைநிற்கிறது. பிரகலாதன் கருவிலேயே நாரதர் உபதேசத்தைக் கேட்டான் என்ற அளவில் நம் உபந்யாசங்கள் நின்றுவிடுகின்றன. உபதேசத்துக்கு முன் நடந்ததை நினைத்துப் பாருங்கள். இரணியன் மந்தர மலையில் தவத்துக்குப் போய்விட்டான். தேவர்கள் அரண்மனையைச் சூறையாடினார்கள். கர்ப்பவதியான அவன் மனைவி கயாது கதறக் கதற, இந்திரன் அவளை இழுத்துக்கொண்டு போனான். இடைமறித்த நாரதர் அவளுக்கு முதலில் தத்துவம் சொல்லவில்லை. விடுவித்தார், தம் ஆசிரமத்துக்கு அழைத்துவந்தார், கணவன் திரும்பும்வரை இங்கேயே இரு என்றார். எத்திசையிலிருந்தும் பயமில்லாதவளாய் அவள் அங்கே வசித்தாள் என்று சொல்லிவிட்டுத்தான் புராணம் உபதேசத்துக்கு வருகிறது. நாளடைவில் அவ்வுபதேசம் தாய்க்கு மறந்துபோயிற்று, மகனுக்கு மறக்கவில்லை என்பதையும் பிரகலாதன் வாயாலேயே கேட்கிறோம். தாய் மறந்ததைச் சேயின் உடல் நினைவில் வைத்திருக்கும் என்று ஆய்வுக்கூடத்தார் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த இடமே நினைவுக்கு வருகிறது. கயாதுவை அஞ்சாதே என்று அங்கே யாரும் கடிந்துகொள்ளவில்லை. அச்சத்துக்கு ஏதுவாயிருந்தது அகற்றப்பட்டது. அந்தக் கடமை ரிஷியினுடையதாக இருந்தது. இன்று அது கணவனுடையது, மாமியாருடையது, அவளுக்குக் கூலி கொடுப்பவனுடையது.

மண்டபத்தில் விளக்கேற்றினார்கள். மாமியார் எழுந்து இரண்டடி நடந்தவள், எதையோ நினைத்துக்கொண்டவள்போல் திரும்பிவந்து மருமகளருகே மறுபடியும் உட்கார்ந்தாள். "ராத்திரியில எதுக்கு அழறே?" என்று கேட்டாள். அந்தப் பெண் உடனே பதில் சொல்லவில்லை. மாமியார் பிரசாதப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் வீங்கிய பாதங்களைத் தன் மடிமேல் எடுத்துவைத்துக்கொண்டு, மெல்லப் பிடித்துவிட்டபடியே காத்திருந்தாள்.