கரணமும் புவனமும்

1857-இல் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி, இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் இறங்கி, காட்டுக்குள் வழி செய்துகொண்டு அம்பாங் போய்ச் சேர்ந்தார்கள். வெள்ளீயம் தோண்ட வந்தவர்கள். ஒரு மாதத்துக்குள் 69 பேரைக் காய்ச்சல் கொண்டுபோனது. மிஞ்சியது 18 பேர். அதன் பிறகும் ஆள் அனுப்பினார்கள். 1859-இல் அம்பாங் ஈயம் கப்பலேறியது. படகு நின்ற ஆற்றுமுனை கோலாலம்பூராக வளர்ந்தது. அந்த 18 பேருக்குக் காடு சாவின் வீடாகவே தெரிந்திருக்கும்.

நாற்பது ஆண்டுக்கு மேல் கழிந்து கிள்ளானில் பணியேற்ற மருத்துவர் மால்கம் வாட்சன் எதிர்கொண்டதும் அதே காய்ச்சலைத்தான். 1901-இல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான் துறைமுகம், திறந்த கையோடு மலேரியாவால் மூடப்படும் நிலைக்கு வந்தது. சதுப்பை வடிக்கவும் ஊரைச் சுற்றிய காட்டை வெட்டவும் வாட்சன் ஏற்பாடு செய்தார். காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. ஆனால் மலையடித் தோட்டங்களில் காட்டை வெட்டியபோது காய்ச்சல் ஏறியது. கடலோரத்தில் நோய் பரப்பிய கொசு, நிழல் விழுந்த தேங்குநீரில் முட்டையிடுவது. மலைப்பக்கத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையைத் தேடுவது. மரத்தை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டதும் அந்தக் கொசு பெருகியது. அதற்கு விலை கொடுத்தவர்களில் பெரும்பங்கினர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளர்கள்.

இன்று அம்பாங்கில் காடு மலைச்சரிவுக்கு ஒதுங்கிவிட்டது. கீழே எம்.ஆர்.ஆர்.2 சாலையில் வண்டிகள் விடிய விடிய ஓடுகின்றன. காடு உயிரைப் பறிக்குமா என்று அன்று கேட்ட ஊரில், காடும் மரமும் அருகில் இருந்தால் மூளை நோய் குறையுமா என்று இப்போது கேட்க வேண்டியிருக்கிறது. மலேசியச் சுகாதார அமைச்சு 2018-இல் நடத்திய ஆய்வின்படி, 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினரிடம் முதுமை மறதி நோய்க்கான அறிகுறி தென்பட்டது. பன்னிரண்டு பேரில் ஒருவர். அநேகமாக ஒவ்வொரு உறவு வட்டத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார்.

இந்தக் கேள்வியை மிகப் பெரிய அளவில் எழுப்பிய ஆய்வுகளில் ஒன்று 2022 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 6 கோடியே 20 லட்சம் பேரின் 2000 முதல் 2016 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் குடியிருந்த அஞ்சல் வட்டாரம் எவ்வளவு பசுமையாக இருந்தது என்பதைத் துணைக்கோள் படங்களிலிருந்து கணக்கிட்டார்கள். பசுமை கூடிய வட்டாரங்களில் அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்களுக்காக மருத்துவமனையில் சேர்வது ஏறத்தாழ 5 விழுக்காடும், பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதத்துக்காகச் சேர்வது 6 விழுக்காடும் குறைந்திருந்தன. பூங்காவும் நீர்நிலையும் அருகில் இருந்தால் நடுக்குவாதச் சேர்க்கை ஏறத்தாழ 3 விழுக்காடு குறைவு. மறதி நோயில் அவற்றின் பயன் தெரியவில்லை.

சிறிய எண்கள்தான். ஆனால் 5 விழுக்காடு என்பது கோடிக்கணக்கானவர்கள் நடுவே ஒரு நகரத்தின் அளவு மனிதர்கள். அதற்கான வழிகளும் புரியாதவை அல்ல. மரம் உள்ள இடத்தில் வெக்கை தணிகிறது, இரைச்சல் மட்டுப்படுகிறது, வயதானவர்கள் கால்நடையாக வெளியே வருகிறார்கள், நாலு பேரிடம் பேசுகிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2017-இல் வந்த ஆய்வு, பெருஞ்சாலையிலிருந்து 50 மீட்டருக்குள் வாழ்பவர்களுக்கு மறதி நோய் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. உலக மருத்துவர் குழு ஒன்று 2020-இல் லான்செட் இதழில் தவிர்க்கத்தக்க காரணங்களைப் பட்டியலிட்டபோது காற்று மாசையும் அதில் சேர்த்தது.

இங்கேதான் மருத்துவம் நின்று சமயம் தொடங்குகிறது. நினைவு தப்பிய ஒருவரைப் பற்றி வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? “வயசானா வர்றதுதானே” என்பார்கள். இன்னும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி “அவரு தலையெழுத்து” என்பார்கள். பெற்ற மகளை யாரென்று கேட்கும் அப்பாவின் முன்னால் நிற்கும் குடும்பத்துக்கு அந்தச் சொல் ஓர் ஊன்றுகோல். ஆனால் வசிக்கும் இடம் நோயைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்றால், தலையெழுத்தில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு ஊருடையது?

சைவ சித்தாந்தம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. உயிருக்கு இறைவன் மாயையிலிருந்து கொடுப்பவை நான்கு என்பது அதன் அடிப்படைப் பாடம்: தனு, கரணம், புவனம், போகம். உடம்பு, அறிவதற்கான கருவிகள், வாழும் உலகம், அங்கே கிடைக்கும் இன்ப துன்பம். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய நான்கும் அந்தக்கரணம். நினைவும் முடிவும் அவற்றின் தொழில். கரணமும் புவனமும் ஒரே மாயையில் தோன்றியவை. எனவே நினைக்கும் கருவியையும் தெருவோரத்து மரத்தையும் இரண்டு வேறு உலகங்களாக இந்தத் தத்துவம் பிரிக்கவில்லை. உயிர் தான் எதைச் சார்ந்ததோ அதன் தன்மையாக நிற்கும் என்பதும் சித்தாந்தத்தின் மையக் கருத்து. சார்பு கெட்டால் அறிவு மங்கும்.

இதில் நோயாளியின் குடும்பத்துக்கு ஆறுதலும் உண்டு. மங்கியது கருவி. உயிர் குறைந்துவிடவில்லை. மகளை அடையாளம் காணாத அப்பா, ‘போய்விட்டவர்’ அல்லர். அவரிடம் பேச வேண்டும், அவர் காதில் தேவாரம் விழ வேண்டும், அவரை வெளியே அழைத்துப் போக வேண்டும்.

ஆறுதல் இருந்தாலும் ஒரு தடை எழுகிறது. புவனமும் வினைக்கு ஏற்பவே வாய்க்கிறது என்று அதே சித்தாந்தம் சொல்கிறதே. மரமில்லாத அடுக்குமாடியில் ஒருவர் முதுமையைக் கழிப்பதும் அவருடைய பிராரத்தம்தானே, பழைய வினையின் பயன்தானே என்று கேட்கலாம். கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறது. அனுபவிப்பவருக்கு அது பிராரத்தம் என்றால், அந்த நிலையை உண்டாக்குபவருக்கு அது ஆகாமியம், புதிதாகச் சேரும் வினை. ஒருவன் அடி வாங்குவது அவனுடைய பழைய வினை என்பதற்காக அடித்தவன் தப்பிவிடுவதில்லை. வினைக்கொள்கை தன் வாழ்வைத் திருத்திக்கொள்ள ஒருவருக்குத் தரப்பட்ட கண்ணாடி. அண்டை வீட்டாரின் துன்பத்தைக் கடந்து போவதற்கு அதைச் சாக்காக்குவது அதன் நோக்கத்துக்கே எதிரானது.

பசுமை என்றால் எல்லாம் ஒன்றா என்பதையும் கேட்டாக வேண்டும். மலேசியத் தமிழர்கள் மூன்று தலைமுறை வாழ்ந்தது பச்சைக்கு நடுவில்தான். முதலில் பால்மரம், பிறகு செம்பனை. துணைக்கோளின் கண்ணுக்கு அந்தத் தோட்டங்களும் அடர்ந்த பச்சையாகவே தெரியும். அந்தப் பச்சைக்குள் என்ன நடந்தது என்பதை மருந்தடித்த பெண்களிடம் கேட்க வேண்டும். விடியலில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, களைக்கொல்லி நிறைத்த பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, நிரை நிரையாக நடப்பார்கள். காற்று திரும்பினால் சாரல் முகத்தில் விழும். மூடி சரியில்லாத பம்பிலிருந்து ஒழுகியது முதுகுத் துணியை நனைக்கும். அதே துணியோடு மதியம் வரை வேலை. 2002-இல் தெனாகனித்தா அமைப்பும் அதன் தோழமை அமைப்பும் வெளியிட்ட அறிக்கையில் தலைசுற்றல், வாந்தி, கண்ணெரிச்சல், தோல்புண் என்று அந்தப் பெண்களின் உடல் பட்ட பாடு பதிவாகியிருக்கிறது.

அடித்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். 2011-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, பாராகுவாட்டைக் கையாண்டவர்களிடையே நடுக்குவாதம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று கண்டது. மலேசிய அரசு 2002-இல் அதற்குத் தடை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி முதல் முழுத் தடைக்கு வந்தது. நடுவில் கழிந்த ஆண்டுகளிலும் பம்பைச் சுமந்தவர்கள் இருக்கிறார்கள். பசுமைக்கு நடுவில் வாழ்ந்தும் பசுமையின் பயன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எனவே புவனம் என்பதை வெறும் நிறமாகப் பார்க்க முடியாது. அந்த இடத்தில் ஒருவர் யாராக இருந்தார், நிழலில் உட்காரும் உரிமை அவருக்கு இருந்ததா என்பதும் புவனத்தில் அடக்கம்.

அறிவியலாளர்கள் ஓர் எச்சரிக்கையைத் தவறாமல் சொல்வார்கள். பசுமை பற்றிய ஆய்வுகள் தொடர்பைக் காட்டுகின்றன, காரணத்தை நிறுவவில்லை. மரம் நிறைந்த இடத்தில் வசதியானவர்கள் குடியிருப்பதுண்டு. வசதி நல்ல உணவையும் நல்ல மருத்துவத்தையும் கொண்டுவரும். வருமானத்தையும் கல்வியையும் கணக்கில் எடுத்து அந்த வேறுபாட்டைக் கழிக்கப் பார்த்தாலும் முழுவதும் கழிந்துவிட்டது என்று சொல்ல இயலாது. 2022-இன் அமெரிக்க ஆய்வு எண்ணியதும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களைத்தான். நோய் எப்போது தொடங்கியது என்பது அதில் தெரியாது.

அப்படியானால் உறுதிப்படும் வரை கடமை காத்திருக்கலாமா? அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் எதையும் அறியும் வழிகளாக அளவைகளை முதலில் ஆராய்கிறார். பலவாக எண்ணப்படும் அளவைகள் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல். கருதலை நம்பித்தான் மனிதர்கள் வாழ்கிறார்கள். புகை வரும் வீட்டுக்கு வெளியே நின்று, நெருப்பைக் கண்ணால் பார்த்த பிறகே தண்ணீர் எடுப்பேன் என்று யாரும் சொல்வதில்லை. தவறாகிவிட்டால் வரும் இழப்பு எந்தப் பக்கம் பெரிது என்பதையும் பார்க்க வேண்டும். மரத்தைக் காத்த பிறகு அது மூளைக்கு உதவவில்லை என்று தெரிந்தால், நிழலும் நீரும் மிச்சம். காட்டை அழித்த பிறகு அது உதவியிருக்கும் என்று தெரிந்தால், அம்பாங் மலைக்காட்டைத் திரும்ப வளர்க்க ஒரு வாழ்நாள் போதாது.

இழப்பை யார் தலையில் வைப்பது என்பதில்தான் சிக்கல் கூர்மையாகிறது. கோலாலம்பூரின் புக்கிட் கியாரா அதற்குச் சாட்சி. அது ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அரசு நிலத்தை எடுத்துக்கொண்டபோது, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் 1980-களின் தொடக்கத்தில் தற்காலிக நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நிரந்தர வீடு தருவோம் என்பது வாக்குறுதி. ஏறத்தாழ 100 குடும்பங்கள் பல்லாண்டு காத்திருந்தன. பக்கத்தில் தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்கா, ஏறத்தாழ 25 ஏக்கர். 2017-இல் அந்தப் பூங்காவின் ஒரு பகுதியில் உயர்மாடிச் சொகுசுக் குடியிருப்புகள் கட்ட அனுமதி கிடைத்தது. நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கான அடுக்ககமும் அதே திட்டத்தில் சேர்க்கப்பட்டது. பூங்காவை ஒட்டிய தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் திட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2021-இல் மேல்முறையீட்டில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதிசெய்தது.

பூங்கா பிழைத்தது பெரிய நன்மை. ஆனால் ஏழைக்கு வீடு வேண்டுமென்றால் ஊருக்கு மரம் கிடையாது என்ற கணக்கை முதலில் போட்டவர்கள் யார்? காட்டை அழித்துத் தோட்டமாக்க உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பூங்காவுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தியது அந்தக் கணக்குதான். வீடும் நிழலும் சேர்த்தே அவர்களுக்குப் பட்ட கடன். ஒன்றைக் கொடுக்க இன்னொன்றைப் பறிப்பது கடனைத் தீர்ப்பது ஆகாது.

அம்பாங்கிலும் இதே கணக்கு வேறு வடிவில் நடக்கிறது. அம்பாங் ஹிலிர் ஏரிக்கரையில், தூதரகங்களும் தோட்டம் சூழ்ந்த மாளிகைகளும் உள்ள பக்கத்தில், மழைமரங்கள் சாலைக்குக் கூரையாக நிற்கின்றன. பாண்டான் பக்கத்து அடுக்குமாடிகளில் கார்கள் நிறுத்தியது போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் மரம். அப்படிப்பட்ட இடங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் ஓர் அரசமரம், அடியில் முனீஸ்வரர். சூலத்தில் எலுமிச்சை, மரத்தைச் சுற்றி மஞ்சள் துணி, கூட்டிப் பெருக்கிய சிமெண்டுத் தரை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. சாயங்காலம் விளக்கு வைக்க வரும் பாட்டிமார்கள் அங்கே ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டுத்தான் மாடி ஏறுகிறார்கள். தோட்டத்தில் மரத்தடியில் கல் நட்டுக் கும்பிட்டவர்கள் நகரத்திலும் தங்கள் தெய்வத்துக்கு மரத்தடியைத் தேடிக்கொண்டார்கள். அதனால் அவர்களுக்கு நடையும் பேச்சும் நிழலும் கிடைத்தன. மருத்துவ ஆய்வுகள் பசுமையின் பயனுக்கு வழியாகச் சொல்பவையும் இவைதான்.

மேலே மலையில் நிலைமை வேறு. கிழக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலைக்காக அம்பாங் வனக்காப்பு உள்ளிட்ட காடுகளிலிருந்து 100 ஹெக்டேருக்கு மேல் எடுக்கப்பட்டது. தலைநகருக்குக் குடிநீர் தரும் நீர்ப்பிடிப்புக் காடுகள் அவை. மாறாக, வடக்குக் கோலலங்காட் வனக்காப்பில் 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை விடுவித்த சிலாங்கூர் அரசு, தெமுவான் பழங்குடியினரும் பொதுமக்களும் எழுப்பிய எதிர்ப்புக்குப் பிறகு 2021 செப்டம்பரில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. சிலாங்கூரில் வனக்காப்பு நிலத்தை விடுவிக்கும் முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்பது 2011-இல் வந்த சட்டத் திருத்தம். நகரத் திட்ட வரைவுகளும் மக்கள் ஆட்சேபத்துக்கு வைக்கப்படுகின்றன.

அந்த விசாரணைகளில் குடியிருப்போர் சங்கங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் பேசுகின்றன. கோயில் நிர்வாகங்களும் பேச வேண்டும். தைப்பூசத்துக்கும் ஆடித் திருவிழாவுக்கும் ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். தலமரத்தை வலம் வருவதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் அவர்களே. தனு, கரணம், புவனம், போகம் என்று வாரவகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியர், புவனம் என்ற இடத்தில் நின்று, அம்பாங் மலையைக் காட்டி, அதைக் குறித்த அடுத்த ஆட்சேப மனுவுக்கான கடைசி நாள் எது என்பதையும் கரும்பலகையில் எழுதிப் போடலாம். அது பாடத்துக்கு வெளியே உள்ள அரசியல் அல்ல. தோட்டத்தில் மருந்தடித்து, இன்று அடுக்குமாடியில் கை நடுங்க உட்கார்ந்திருக்கும் ஒரு மூதாட்டியின் புவனத்தைப் பற்றிய சமயப் பேச்சு அது.