வென்றதனால் சரியாகிவிடுமா?

ஒரு பந்தயக் குதிரையைப் பற்றிப் பேசப் போகிறேன். முகம் சுளிக்க வேண்டாம். இங்கிலாந்தில் ஓடும் குதிரைகள்மேல் இங்கே பணம் கட்டுகிறவர்கள் நம்மவருள்ளும் உண்டல்லவா?

ரெட் றம் என்னும் குதிரை 1965 மே 3ஆம் திகதி அயர்லாந்தில் பிறந்தது. 400 கினிக்கு விலைபோய், 1967 ஏப்ரல் 7ஆம் திகதி லிவர்பூலை அடுத்த எயின்ட்றி மைதானத்தில் முதன்முதலாக ஓடிற்று. பந்தயக்காரர் கணக்கில் எல்லாக் குதிரைகளுக்கும் ஜனவரி முதலாந் திகதியே வயது ஏறும். ஆகவே இரண்டு வயதென்று எழுதினார்கள். உண்மையில் இரண்டு நிறைய இன்னும் ஏறக்குறைய ஒரு மாதம் இருந்தது. எலும்பு முற்றாத அந்தக் குட்டி ஐந்து பர்லாங் ஓடி, இன்னொரு குதிரையுடன் சமமாக முதலிடம் பெற்றது. வென்றதை உடனே ஏலத்தில் விடுவது அப்பந்தயத்தின் விதி!

பின்னர் பல கை மாறிற்று. குளம்பினுள்ளே எலும்பு நோயும் கண்டது. 1972இல் ஜிஞ்சர் மக்கெயின் என்பவர் முதியவர் ஒருவருக்காக அதை 6,000 கினிக்கு வாங்கினார். சவுத்போர்ட் ஊரிலே பழைய கார் விற்றவர் அவர், டாக்ஸியும் ஓட்டியவர். கார்க்கடைக்குப் பின்னால்தான் லாயம். பெரிய பயிற்சியாளருக்கு வாய்த்த புல்வெளி அவருக்கு இல்லை. கடற்கரை மணலே பயிற்சிக்களம். வந்த புதிதிலேயே குதிரை நொண்டிற்று. கடல்நீரில் இறக்கி ஓட்டச் சொன்னார். வெளியே வந்தபோது நொண்டல் இல்லை. 1973, 1974, 1977 என மூன்று தடவை கிறான்ட் நாஷனல் பந்தயத்தை வென்றது. வேறெந்தக் குதிரையும் அதைச் செய்ததில்லை.

"பார்த்தீர்களா, இளவயதில் ஓட்டியதால் என்ன கெட்டுவிட்டது?" என்று கேட்பார்கள். இங்கேதான் நம் மனம் வழுக்குகிறது. 1967இல் அந்தக் குட்டியை ஓடவிட்டவர்களுக்கு 1973 தெரியாது. அவர்கள் பணயம் வைத்தது தங்கள் காலை அல்ல. அப்படி ஓடிக் கால் முறிந்தவற்றின் பெயர் நமக்குத் தெரியாததாலேயே வென்றதைச் சாட்சிக்கு அழைக்கிறோம்.

மக்கெயினையும் நான் புனிதராக்கவில்லை. நொண்டிய மிருகத்தை ஓட்டிப் பார்த்ததும் ஒரு பணயமே. பலித்தபடியால் வைத்தியம் என்கிறோம். ஆனால் 1978இல், நான்காம் வெற்றியை ஊரே எதிர்பார்த்திருக்க, பந்தயத்துக்கு முதல்நாள் காலில் நுண்ணிய முறிவு தெரிந்தது. குதிரையை விலக்கிக்கொண்டார், அது மீண்டும் பந்தயம் ஓடவில்லை. ஓடியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது அவருக்கும் தெரியாது. ரெட் றம் 1995வரை, 30 வயதுமட்டும், உயிரோடிருந்தது.